கைக்கடிகாரம் எண்ணத் தவறிய தப்படிகள்

ஒருவர் நாளொன்றுக்கு எத்தனை தப்படி நடந்தார் என்பதைத் தானே எண்ணிக் காட்டும் கைக்கடிகாரங்கள் இன்று சிற்றூர்க் கடைகளிலும் விற்பனையாகின்றன. ஸ்மார்ட் வாட்ச் என்று வழங்கும் இக்கருவிகளை அணிவோருள் பலர், இரவில் அந்த எண்ணைப் பார்த்து மகிழ்வதோடு நின்றுவிடுகின்றனர். வேறு சிலருக்கோ அது வெறும் வேடிக்கையன்று. நீரிழிவு கண்டவர், இருதய சிகிச்சை பெற்றவர், முழங்கால் மூட்டை மாற்றிக்கொண்டவர் ஆகியோரிடம், “நாள்தோறும் எவ்வளவு நடக்கிறீர்கள்?” என்று மருத்துவர் வினவும்போது, மணிக்கட்டைத் திருப்பிக் காட்டி விடையளிக்கும் காலம் வந்துவிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடைபெற்று 2023-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்றின்படி, இந்நாட்டில் நீரிழிவு உள்ளோரின் தொகை ஏறத்தாழ 10.1 கோடி. இவர்களுள் ஒரு சிறு பகுதியினரே இக்கருவியை அணிந்தாலும், அது காட்டும் எண்ணை நம்பி முடிவு செய்வோர் எத்தனை பேராவர் என்பதை எளிதில் ஊகிக்கலாம்.

இக்கருவி சில வேளைகளில் எண்ணத் தவறிவிடுகிறது. அரைமணி நேரம் இடைவிடாது நடந்து திரும்பியவரின் கடிகாரத்தில் முந்நூறு நானூறு தப்படிகளே ஏறியிருப்பது அரிதன்று. விடுபட்டதைக் கையாலேயே கணக்கில் சேர்க்க வசதி உண்டா, உண்டெனில் சேர்ப்பது முறையாகுமா, சேர்ப்பதாயின் எவ்வளவு என்று எழுதுவது என்னும் வினாக்கள் அப்போது எழுகின்றன. இவற்றுக்கு விடை காண்பதற்கு முன், கடிகாரம் உண்மையில் எதை எண்ணுகிறது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். ஏனெனில் அது காலின் நடையை நேரே காண்பதே இல்லை.

கை அசைவிலிருந்து கால் நடை

கடிகாரத்தினுள் முடுக்கமானி என்னும் நுண்கருவி ஒன்று பொருத்தப்பட்டிருக்கிறது. சிலிக்கனில் செதுக்கப்பெற்ற மிகச் சிறிய எடை ஒன்று, மெல்லிய சிலிக்கன் தாங்கிகளால் பிடிக்கப்பட்டு, அசையாத தகடுகளுக்கு நடுவே நிற்கிறது. பஸ் திடீரெனப் புறப்படும்போது நிற்பவர் பின்னோக்கிச் சாய்வதைப் போல, மணிக்கட்டு அசையும்போது இந்த எடை சற்றே பின்தங்குகிறது. அதனால் எடைக்கும் தகடுகளுக்கும் இடையிலுள்ள வெளி மாறுகிறது. வெளி மாறவே அங்குள்ள மின்தேக்கு திறனும் மாறுகிறது. அம்மாற்றத்தை அளந்து, முடுக்கம் எவ்வளவு, எத்திசையில் என்று கருவி கண்டுகொள்கிறது. மேல் கீழ், முன் பின், இடம் வலம் ஆகிய மூன்று திசைகளிலும் வினாடிக்குப் பல பத்து முறை இவ்வளவீடு நிகழ்கிறது.

இங்கே தப்படி என்னும் சொல்லை வரையறுத்துக்கொள்வது நலம். ஒரு கால் ஊன்றியதிலிருந்து மற்றக் கால் ஊன்றும் வரை உள்ளதே ஒரு தப்படி. அதே கால் மீண்டும் ஊன்றும் வரை உள்ளது இரண்டு தப்படிகளாகும். நல்ல உடல்நலமுள்ளவர் சாதாரணமாக நிமிஷத்துக்கு 100 முதல் 120 தப்படி வரை நடக்கிறார். அதாவது வினாடிக்கு ஏறக்குறைய இரண்டு. ஒவ்வொரு கால் ஊன்றும்போதும் உடலில் எழும் சிறு அதிர்வு மணிக்கட்டு வரை எட்டுகிறது. அன்றியும், இரண்டு தப்படி வைப்பதற்குள் கை ஒரு முறை முன்சென்று பின்வந்து மீள்கிறது. அதிர்வும் வீச்சும் இவ்வாறு ஒழுங்காக மாறிமாறி வருவதைக் கண்டால், ‘இவர் நடக்கிறார்’ என்று கடிகாரத்திலுள்ள கணிப்பு முறை முடிவு செய்து, ஏற்ற இறக்கங்களை எண்ணத் தொடங்குகிறது.

ஆகவே திரையில் தோன்றும் எண் ஓர் அளவு என்பதைவிட ஓர் ஊகம் என்பதே பொருந்தும். பெரும்பாலும் நல்ல ஊகமே. ஆயினும் கை அசைவு நிற்குமிடத்தில் ஊகத்தின் ஆதாரமும் நின்றுவிடுகிறது.

வேறொரு நுட்பமும் உண்டு. தலை சொறிவதையும் கதவு திறப்பதையும் தப்படியாக எண்ணிவிடாதிருக்கும் பொருட்டு, பல கருவிகள் முதல் அசைவைக் கண்டவுடனே எண்ணுவதில்லை. ஒழுங்கான அசைவுகள் சில தொடர்ந்து வந்த பிறகே அதை நடையென ஏற்று, அதற்கு முன் காத்திருந்தவற்றையும் கூட்டிக்கொள்கின்றன. அசைவு இடையில் அறுந்துவிட்டால் காத்திருந்தவை கைவிடப்படுகின்றன. அடுக்களையிலிருந்து கூடத்துக்கும், கூடத்திலிருந்து கிணற்றடிக்கும் ஐந்தாறு தப்படிகளாக நாள் முழுதும் நடக்கும் இல்லத்தரசியின் நடையில் ஒரு பகுதி இவ்விதம் கணக்கில் ஏறாமலே போகிறது. பிழை எதிர்ப்புறமாகவும் நேர்வதுண்டு. மேடுபள்ளமான சாலையில் செல்லும் பஸ்ஸும், சப்பாத்திக்கு மாவு பிசையும் கையும் நடவாத நடையைக் கடிகாரத்தில் ஏற்றிவிடுகின்றன.

யாருடைய தப்படிகள் விடுபடுகின்றன?

குழந்தை வண்டியைத் தள்ளிச் செல்பவர், சக்கர நாற்காலியைத் தள்ளுபவர், கடையில் சாமான் வண்டியைப் பிடித்து நடப்பவர், டிரெட்மில்லின் கைப்பிடியைப் பற்றியபடி நடப்பவர் ஆகியோரின் கைகள் ஓரிடத்தில் நிலைத்திருக்கின்றன. தலைமேல் உள்ள குடத்தை ஒரு கையால் தாங்கி வரும் பெண்ணின் நிலையும், சுமையை இரு கைகளாலும் பிடித்துச் செல்லும் தொழிலாளியின் நிலையும் அதுவே. கையைச் சட்டைப்பையில் விட்டுக்கொண்டு நடப்பவருக்கும் எண்ணிக்கை குறையும். மின்கலம் தீர்ந்தபோதும், மின்னேற்றத்துக்காகக் கடிகாரத்தைக் கழற்றி வைத்தபோதும் விடுபடுவதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இவற்றைவிட முக்கியமான வகை ஒன்று உண்டு. முதியோர், பக்கவாதத்திலிருந்து தேறி வருவோர், பார்க்கின்சன் நோயால் காலை இழுத்து நடப்போர், அறுவைச் சிகிச்சைக்குப் பின் வாக்கர் என்னும் நாற்கால் சட்டத்தை ஊன்றி நடப்போர் ஆகியோரின் நடை மெதுவானது; அதிர்வு மென்மையானது; கை வீச்சோ அறவே இல்லை. மெதுவான நடையிலும் வாக்கர் பிடித்த நடையிலும் மணிக்கட்டுக் கருவிகள் மிகவும் குறைத்து எண்ணுகின்றன என்பது பல ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் கண்ட முடிவு. விரைந்து நடக்கும் இளைஞருக்கு நூற்றுக்கு இரண்டு மூன்று தவறும் கருவி, தளர்ந்த நடையினருக்குப் பாதிக்கு மேலும் தவறக்கூடும். எவருக்கு ஒவ்வொரு தப்படியும் அரிதாகக் கிடைத்ததோ அவருடைய தப்படியையே கருவி காணத் தவறுகிறது.

இதன் விளைவு சிறிதன்று. 2019-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்று, சராசரி வயது 72 உள்ள 16,741 பெண்களின் நடையைக் கருவி கொண்டு அளந்து, பின்னர் சில ஆண்டுகள் அவர்களைக் கவனித்தது. நாளொன்றுக்குச் சுமார் 2,700 தப்படி நடந்தவர்களைவிட, சுமார் 4,400 நடந்தவர்களிடையே இறப்பு விகிதம் 41 சதவீதம் குறைவாக இருந்தது. 7,500 வரை பயன் கூடிக்கொண்டு சென்று, அதற்குமேல் ஏறத்தாழச் சமநிலை அடைந்தது. இதனின்று தெரிய வருவது யாதெனில், சிறிய எண்களின் எல்லையிலேதான் ஓர் ஆயிரம் கூடுவதும் குறைவதும் பெரிய பொருளுடையன. கடிகாரம் அதிகமாகத் தவறுவதும் அதே எல்லையில்தான். அந்த ஆய்வில் பயன்பட்ட கருவி மணிக்கட்டில் அணிவதன்று, இடுப்பில் அணிவது என்பதும் நினைவில் வைக்கத் தக்கது.

நாளொன்றுக்கு 10,000 தப்படி என்று எங்கும் பேசப்படும் இலக்கோ மருத்துவ ஆய்வில் பிறந்ததன்று. டோக்கியோ ஒலிம்பிக் விளையாட்டுக்கு மறு ஆண்டாகிய 1965-இல் ஜப்பானியக் கடிகார நிறுவனம் ஒன்று விற்பனைக்குக் கொணர்ந்த நடைமானிக்கு இட்ட பெயர் ‘மான்போ-கெய்’. பதினாயிரம் தப்படி மானி என்பது அதன் பொருள். பெயர் பரவியது, பெயரோடு எண்ணும் பரவியது.

வரைபடம் மருத்துவருக்குச் சொல்வது

முழங்கால் மூட்டை மாற்றிக்கொண்டவர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். முதல் சில வாரங்கள் அவர் வாக்கரைப் பிடித்து நடக்கிறார். மருத்துவர் சொன்னபடி தாழ்வாரத்தில் காலையும் மாலையும் தவறாது நடக்கிறார். கடிகாரமோ நாளொன்றுக்கு முந்நூறு, நானூறு என்றே காட்டுகிறது. பின்னர் வாக்கரை விட்டுக் கைத்தடிக்கு வருகிறார். கடிகாரம் அணியாத கையில் தடி இருப்பின் எண்ணிக்கை உயர்கிறது. தடியையும் விட்ட நாளில் எண் திடீரெனப் பல மடங்கு ஏறுகிறது. செயலியிலுள்ள வரைபடத்தைப் பார்ப்பவர், இவர் முதலில் சோம்பியிருந்து, பிறகு ஒரே வாரத்தில் வியக்கத்தக்க வகையில் தேறினார் என்றே கொள்வார். உண்மையில் மாறியது நடையன்று. கைகள் விடுதலை பெற்றதே.

அவ்வரைபடத்தை நம்பி, முதல் வாரங்களில் “போதாது, இன்னும் நடவுங்கள்” என்று அறிவுரை கூறப்படுமாயின், ஏற்கெனவே போதிய அளவு நடந்த மூட்டு மேலும் வீங்கக்கூடும். நடந்தும் நடவாதவரென்று கருதப்படுவதால் நோயாளிக்கு உண்டாகும் மனச்சோர்வும் புறக்கணிக்கத் தக்கதன்று. இத்தகையவருக்கு விடுபட்ட தப்படிகளைக் கையால் சேர்ப்பது வீண் பெருமைக்காகச் செய்வதாகாது. பதிவை உண்மையோடு பொருத்துவதாகும்.

ஆனால் கையால் சேர்ப்பதும் புதியதோர் பிழைக்கு இடந்தரும். பத்தாம் நாளிலிருந்து சேர்க்கத் தொடங்கினால், பத்தாம் நாளில் நடை கூடியதுபோல வரைபடம் எழும்பும். ஆதலால் சிகிச்சையின் தொடக்கத்திலிருந்தே சேர்ப்பது, அன்றேல் எந்நாள் முதல் சேர்க்கப்பட்டது என்பதைக் குறித்து வைத்து மருத்துவரிடம் சொல்வது, இரண்டில் ஒன்று இன்றியமையாதது.

ஜபமாலையால் எண்ணிய நில அளவையாளர்

கருவியின் உதவியின்றித் தப்படிகளை எண்ணி, அவ்வெண்ணிக்கையை உலகம் ஏற்குமாறு செய்த வரலாறு இந்நாட்டுக்கு உண்டு. 1860-களில் டேராடூனில் இருந்த நில அளவைத் துறையினர், அயலார் நுழைய இயலாத திபெத்தை அளக்கும் பொருட்டு மலைநாட்டினர் சிலரைப் பயிற்றுவித்தனர். அவர்களுள் புகழ் பெற்றவர் குமாவூன் மலைப்பகுதியைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர் நைன் சிங். ஏற்றத்திலும் இறக்கத்திலும் சமவெளியிலும் ஒரே நீளமாகத் தப்படி வைக்க அவர் பழகினார். மைலுக்கு ஏறத்தாழ 2,000 தப்படி. அவர் கையிலிருந்த ஜபமாலையில் வழக்கமான 108 மணிகளுக்குப் பதிலாக 100 மணிகளே கோத்திருந்தன. நூறு தப்படிக்கு ஒரு மணி தள்ளுவார். மாலை ஒரு சுற்று முடிந்தால் 10,000 தப்படி. அதாவது ஐந்து மைல். ஜப்பானியர் கருவியின் எண்ணும் இதுவும் ஒன்றாக அமைந்தது தற்செயலே. குறிப்புகளை எழுதிய தாள்கள் பிரார்த்தனைச் சக்கரத்தினுள் மறைந்திருந்தன. 1866-ஆம் ஆண்டு ஜனவரியில் அவர் லாஸாவை அடைந்தார். 1877-இல் லண்டனிலுள்ள ராயல் புவியியல் சங்கம் அவருக்குத் தங்கப் பதக்கம் அளித்தது.

இக்கட்டுரையின் பொருளுக்கு நைன் சிங்கைவிட அவருடைய உறவினர் கிஷன் சிங்கின் அனுபவமே நெருங்கியது. 1878 முதல் 1882 வரை நீடித்த பயணத்தின் ஒரு பகுதியில், கள்வர் அச்சத்தால் விரைந்து செல்லும் கூட்டத்தோடு அவரும் குதிரை மேல் ஏறிச் செல்ல நேர்ந்தது. தம் கால் தரையில் படாதபோது எண்ணுவது எவ்வாறு? குதிரையின் வலது முன்கால் ஊன்றும் ஒவ்வொரு முறையையும் அவர் எண்ணிக்கொண்டே சென்றார். அது குதிரையின் நடை, தம் நடையன்று என்பது பயண வரலாற்றில் மறைக்கப்படவில்லை. வழியிலுள்ள இடங்களின் அட்சரேகையை வானியல் முறையில் தனியே கண்டு வந்தமையால், தப்படிக் கணக்கைச் சரிபார்க்கவும் வழி இருந்தது. மதிப்பீடு ஏற்கத் தக்கதாவது, அது எவ்வாறு பெறப்பட்டது என்பது வெளிப்படையாக இருக்கும்போதும், வேறோர் அளவோடு ஒப்பிடக்கூடியதாக இருக்கும்போதுமே ஆகும். கடிகாரத்தின் கணக்கில் கையால் சேர்ப்பவரும் இவ்விரண்டையும் மறத்தலாகாது.

எவ்வளவு என்று காண்பது எப்படி?

‘ஏறத்தாழ ஓர் ஆயிரம் இருக்கும்’ என்று மனம்போனபடி எழுதுவது பயனற்றது. மனிதர் தம் நடையைப் பெரும்பாலும் கூட்டியே மதிப்பிடுகின்றனர். எளிய முறைகள் இரண்டு உள்ளன.

முதலாவது, நேரத்தைக் கொண்டு காண்பது. எந்த நடையில் தப்படி விடுபடுகிறதோ அதே நடையில், வண்டியைத் தள்ளியபடியோ வாக்கரைப் பிடித்தபடியோ, ஒரு நிமிஷத்துக்கு எத்தனை தப்படி என்று வாய்விட்டு எண்ண வேண்டும். இதை மூன்று முறை செய்து சராசரி காண்பது நலம். கையை வீசி நடக்கும்போது உள்ள எண்ணிக்கையை இதற்குப் பயன்படுத்தலாகாது. வண்டி தள்ளுபவரின் நடை வேறு. உதாரணமாக, சக்கர நாற்காலியில் தாயாரை அமர்த்திப் பூங்காவில் 30 நிமிஷம் தள்ளி வரும் ஒருவருக்கு நிமிஷத்துக்கு 96 தப்படி எனக் கண்டதாகக் கொள்வோம். இடையில் நின்று பேசிய நேரம் 4 நிமிஷம். எஞ்சிய 26 நிமிஷத்தை 96-ஆல் பெருக்க, 2,496 வருகிறது. அதே அரைமணியில் கடிகாரம் தானாக எண்ணியது 350. அதைக் கழித்தால் விடுபட்டது 2,146. இதனைக் கணக்கில் 2,100 என்று எழுதுவதே பொருத்தம். நின்ற நேரமும் நடை வேகமும் தோராயமாகவே தெரிந்திருக்க, கடைசி இலக்கம் வரை எழுதுவது இல்லாத நுட்பத்தை இருப்பதாகக் காட்டும்.

இரண்டாவது, தொலைவைக் கொண்டு காண்பது. மருத்துவமனைத் தாழ்வாரம், வீட்டு மாடி போன்ற அளவு தெரிந்த இடங்களில் நடப்போர்க்கு இது ஏற்றது. தரையில் 20 மீட்டர் அளந்து, வழக்கமான நடையில் அதைக் கடக்க எத்தனை தப்படி ஆகிறது என்று பார்க்க வேண்டும். 34 ஆனால் ஒரு தப்படியின் நீளம் ஏறத்தாழ 59 சென்டிமீட்டர். 40 மீட்டர் நீளமுள்ள தாழ்வாரத்தில் 12 முறை போய்த் திரும்பினால் 960 மீட்டர். அதற்கு 1,600 தப்படிக்குச் சற்று மேலாகும். உயரத்தைக் கொண்டு தப்படி நீளத்தைத் தானே கணிக்கும் வசதி பல செயலிகளில் உண்டெனினும், நோயுற்றவரின் தப்படி அக்கணிப்பைவிடக் குறுகியதாகவே இருக்கும். தேறத் தேற அது நீளும்; ஆகையால் இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒரு முறை புதிதாக அளந்துகொள்ள வேண்டும். அறுவைச் சிகிச்சைக்கு முன் அளந்த நீளத்தை வைத்துப் பின்னர் கணக்கிடுவது பெரும் பிழையாக முடியும்.

இரண்டு முறைகளையும் ஒரே நடைக்கு ஒரு நாள் பயன்படுத்திப் பார்த்தால் ஒன்றுக்கொன்று சான்றாகும். இரண்டுக்கும் இடையே நூற்றுக்குப் பத்துக்கு மேல் வேறுபாடு காணப்பட்டால், எண்ணியதில் எங்கோ தவறு உண்டு.

கணக்கில் ஏற்றுதல்

எல்லாச் செயலிகளும் ஒரே மாதிரி அமைந்தவையல்ல. ஆப்பிள் நிறுவனத்தின் ஹெல்த் செயலியில், தப்படிகளுக்குரிய பக்கத்தைத் திறந்து, தரவு சேர்க்கும் பொத்தானை அழுத்தி, நாள், நேரம், எண்ணிக்கை ஆகியவற்றை எழுதலாம். வேறு சில செயலிகளில் தப்படி எண்ணிக்கையை நேராக எழுத இயலாது. ‘நடைப் பயிற்சி’ என்று தேர்ந்து, தொடங்கிய நேரம், நீடித்த நேரம், தொலைவு ஆகியவற்றைத் தந்தால் செயலியே தப்படியைக் கணித்துக்கொள்ளும். மற்றும் சிலவற்றில் பயிற்சியைப் பதியலாமேயன்றி, அன்றைய தப்படித் தொகை சிறிதும் மாறாது. கடிகாரத்தின் திரையிலேயே எண்ணைத் திருத்தும் வசதி பொதுவாக இல்லை; திருத்தம் கைப்பேசிச் செயலியில்தான் நடைபெறும். ஆதலால் செயலியில் கூடிய எண் கடிகாரத்தின் முகத்தில் தோன்றாதிருப்பின் வியப்படைய வேண்டியதில்லை.

இங்கே கவனிக்க வேண்டிய அம்சம் இரட்டைக் கணக்கு. கையால் எழுதியதைக் கடிகாரத்தின் எண்ணோடு சில செயலிகள் கூட்டுகின்றன. சிலவோ அந்த நேரத்துக்குக் கடிகாரம் காட்டியதை நீக்கிவிட்டுக் கையெழுத்துக் கணக்கையே வைத்துக்கொள்கின்றன. ஆப்பிள் செயலியில், ஒரே நேரத்துக்குப் பல மூலங்களிலிருந்து எண்கள் வரும்போது, கையால் எழுதியதற்கே முதலிடம் என்பது இயல்பான ஒழுங்கு. கடிகாரமும் கைப்பேசியும் அதற்கு அடுத்தபடிதான். கூட்டும் செயலியாயின் முன்சொன்ன உதாரணத்தில் 2,100 எழுத வேண்டும்; நீக்கும் செயலியாயின் முழுத்தொகையாகிய 2,500. எது எவ்வகை என்று அறிய எளிய சோதனை உண்டு. கடிகாரம் ஏற்கெனவே எண்ணிய நேரம் ஒன்றில் 10 தப்படி மட்டும் சேர்த்து, அன்றைய தொகை பத்து கூடுகிறதா, குறைகிறதா என்று பார்த்துவிட்டு, அப்பதிவை அழித்துவிடலாம்.

நேரத்தைச் சரியாகக் குறிப்பதும் அவசியம். இரவு படுக்கப்போகும் முன் மொத்தமாக எழுதினால், பத்து மணிக்கு ஒருவர் இரண்டாயிரம் தப்படி நடந்ததாகப் பதிவு நிற்கும். இரத்த சர்க்கரை அளவோடு உணவுக்குப் பிந்திய நடையை ஒப்பிட்டுப் பார்க்கும் மருத்துவருக்கு அது தவறான செய்தியையே தரும்.

கையால் எழுதியது கையால் எழுதியதே என்னும் அடையாளம் பதிவில் அழியாமல் நிற்கிறது. ஆப்பிள் செயலி, பயனாளர் தாமே தந்தது என்னும் குறிப்பை எண்ணோடு சேர்த்து வைக்கிறது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் பல செயலிகளின் கணக்கை ஒன்றிணைக்கும் ஹெல்த் கனெக்ட் என்னும் அமைப்பிலும், கருவி தானாக எண்ணியது, கையால் எழுதியது என்று பிரித்துக் காட்ட இடமுண்டு. இது நல்ல ஏற்பாடு என்றே சொல்ல வேண்டும். இரண்டு வகை எண்களும் வேற்றுமை தெரியாமல் கலந்துவிட்டால், பின்னால் எவராலும் பிரித்தெடுக்க முடியாது. நடைக்கு ஊக்கப் புள்ளிகள் அளிக்கும் காப்பீட்டுத் திட்டங்களிலும் அலுவலக நடைப் போட்டிகளிலும் கையெழுத்துக் கணக்கை ஒதுக்கிவிடும் வழக்கம் இவ்வடையாளத்தைக் கொண்டே நடைபெறுகிறது. அத்திட்டங்களில் சேர்ந்தவர், விதியை அறியாமல் எண் சேர்ப்பது வீண் வழக்குக்கு இடமாகும்.

கையால் சேர்த்த தப்படிக்கு இருதயத் துடிப்பு, நடை வேகம், ஏறிய மாடிப்படி ஆகிய துணைத் தகவல்கள் இரா. செலவான சக்தியைச் செயலி கணித்துக் காட்டினாலும், அது ஊகத்தின்மேல் எழுப்பிய ஊகமே. அதை நம்பி உணவின் அளவைக் கூட்டுவதோ இன்சுலின் அளவை மாற்றுவதோ ஆகாது.

விடுபடாமலே காக்கும் வழிகள்

சேர்க்கும் தொல்லையே வேண்டாம் என்போர்க்குச் சில உபாயங்கள் உள்ளன. புறப்படும்போதே கடிகாரத்தில் நடைப் பயிற்சியைத் தொடங்கி வைத்தால், வெளியிடங்களில் செயற்கைக்கோள் வழியாகத் தொலைவு பதிவாகும். தப்படி தவறினும் தொலைவு நிற்கும். கைப்பேசியைக் கால்சட்டைப் பையில் வைத்து வண்டி தள்ளினால், கை அசையாவிட்டாலும் இடுப்பும் தொடையும் அசைவதால் அது எண்ணிவிடும். புடைவை உடுத்தும் பெண்களுக்குப் பை இல்லாமை ஒரு குறையே. கைப்பேசியை இடுப்பில் செருகும் சிறு பையில் வைக்கலாம். பட்டை போன்ற எளிய கருவியாயின் கணுக்காலில் கட்டிக்கொள்வதும் உண்டு. ஆனால் தோலில் படாதபோது தன்னைப் பூட்டிக்கொள்ளும் கடிகாரங்களும், மணிக்கட்டு அசைவுக்கென்றே அமைந்த கணிப்பு முறைகளும் உள்ளமையால், ஒவ்வொருவரும் நூறு தப்படி எண்ணி நடந்து சோதித்த பிறகே இவ்வழிகளைக் கைக்கொள்ள வேண்டும். எந்தக் கையில் கடிகாரம் அணியப்படுகிறது என்பதைச் செயலியில் சரியாகக் குறித்திருப்பதும் பிழையைக் குறைக்கும்.

நாள்தோறும் ஏழாயிரம் எட்டாயிரம் நடப்பவர், கடைக்குச் சென்றபோது விடுபட்ட முந்நூறு தப்படிகளைத் தேடிச் சேர்ப்பதில் பொருளில்லை. அவருடைய வாரச் சராசரியை அது அசைக்கப்போவதில்லை. ஒவ்வொரு வாரமும் ஏறத்தாழ அதே அளவு விடுபடுமாயின், ஒரு வாரத்தை மற்றொரு வாரத்தோடு ஒப்பிடுவதற்கும் தடையில்லை. நாளொன்றுக்கு ஆயிரம் தப்படியைத் தாண்ட முயலும் நோயாளியின் கணக்கு வேறு. அவர் தாமே கைப்பேசியில் எழுத இயலாதவராயின், உடனிருந்து கவனிப்பவர், தாழ்வாரத்தில் எத்தனை சுற்று, எந்நேரம், எதைப் பிடித்துக்கொண்டு என்னும் மூன்றையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் அன்றன்று குறித்து வந்து, செயலியில் ஏற்றிய எண்ணோடு அந்நோட்டையும் மருத்துவரிடம் காட்டலாம். வாக்கரிலிருந்து கைத்தடிக்கு மாறிய தேதியை அதில் சிவப்பு மையால் எழுதிவைப்பது நல்லது.